வில்லியனூரில் விளைந்த பாகூர் நெல்

புதுச்சேரியில் எங்கள் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கு எந்த நல்லதும் நேராக வராது. முதலில் வில்லியனூருக்குப் போகும், அங்கே நாலு பேர் தொட்டுப் பார்த்துப் பெயின்ட் உதிர்ந்த பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பும். தெருவிளக்கும் குப்பை வண்டியும் அப்படித்தான் வந்தன. அதனால், ஊரக மின்னாட்சி நிறுவனம் வில்லியனூரில் நடத்திக்கொண்டிருந்த நெல் அறுக்கும் மிஷினைப் பதிவு செய்கிற 'அறுவடை' இணையதளத்தைப் பாகூருக்கும் கொண்டுவரப் போகிறது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, பயம்தான் வந்தது.

நான் வேணு. பாகூர் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கிறேன். கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் என்னைப் படித்தவன் என்று நம்புகிறார்கள். நான் மறுப்பதில்லை.

இந்த நிறுவனம் தலையிடுவதற்கு முன்னால் எங்கள் ஊரில் நெல் அறுக்கும் மிஷின் எப்படி ஓடியது என்று சொல்லிவிடுகிறேன். மிஷின் வாய்க்கால் ஓரமாக இறங்கும். முன்வயலை அறுத்துவிட்டு அதன் வழியாகவே உள்வயலுக்குப் போகும். உள்வயலுக்குத் தனிப் பாதை கிடையாது. யார் வரப்பில் நின்று கையைத் தூக்கினாலும் டிரைவர் வண்டியைத் திருப்புவார். இதற்கு ஆளும் தேவைப்படவில்லை, அலுவலகமும் தேவைப்படவில்லை. நிறுவனம் இதைப் பார்த்து அதிர்ந்துபோய் 'ஒழுங்கீனம்' என்று பெயர் வைத்தது. சுற்றுப்பட்ட மிஷின்களையெல்லாம் ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டது. வண்டியில் ஏதோ ஒரு கருவியையும் பூட்டியது. சிஸ்டம் காட்டுகிற நிலத்தில் அல்லாமல் வேறெங்கே இறக்கினாலும் இன்ஜின் நின்றுவிடும். கடலூர்ப் பக்கத்திலிருந்து தனியார் வண்டி கொண்டுவரலாம் என்றால் அதற்கு அனுமதி வேண்டும், அனுமதியும் அதே இணையதளத்தில்தான் வாங்க வேண்டும். கையால் அறுக்க ஆள் கூப்பிட்டால் எல்லோரும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவள் செல்வகுமாரி. வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போய்விடுவார், வெள்ளாமை முழுக்க அவள் கைதான். அவளுடையது உள்வயல். முன்வயல் செந்தில்நாதனுடையது. சொர்ணவாரிப் பட்டத்தில் அவர் குறுகிய நாள் ரகம் போட்டு முன்பே அறுத்துவிட்டார். இவள் நெல் பின்னால்தான் பழுத்தது. அவர் சம்பாவுக்குத் தண்ணீர் கட்டி உழுதுவிட்டால் மிஷின் இவள் நிலத்துக்குள் போக வழியே இருக்காது. மேற்கே சாயங்காலம் சாயங்காலமாக இடி வேறு உறுமிக்கொண்டிருந்தது. மழை ஒருமுறை வலுத்தால் பழுத்த நெல் படுத்துவிடும், படுத்த இடத்திலேயே முளைத்தும்விடும்.

"அண்ணி, நாத்து ரெடியாயிடுச்சி. உங்களுக்காவ ஒரு வாரம் பாக்கறேன். அதுக்கு மேல தாங்காது" என்றார் செந்தில்நாதன். நல்ல மனுஷன். ஒரு வாரம் பார்க்கிறேன் என்று சொல்வதே பெரிய விஷயம்.

தொடக்க விழா கொம்யூன் மைதானத்தில் நடந்தது. நிறுவனத்தின் இயக்குநர் ராஜ்மோகன் பேசினார். அவர் பேச்சை நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன், ஏனென்றால் மின்விசிறி அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"பெருமக்களே! வில்லியனூரில் இந்தச் செயலியை உருவாக்க எங்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆனது. பாகூருக்கு எவ்வளவு ஆனது தெரியுமா? ஒரு மதியம்! சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம், டீ வருவதற்குள் எழுந்துவிட்டோம். எப்படி? அதையே எடுத்து இன்னொரு முறை வைத்துவிட்டோம். இதற்குத்தான் மறுபயன்பாடு என்று பெயர். நாளை நெட்டப்பாக்கம், மறுநாள் மண்ணாடிப்பட்டு! இனி சிந்திக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த நிறுவனத்தில் நாங்கள் சிந்தித்தது ஒரே ஒரு முறைதான். அதையேதான் எல்லா இடத்திலும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்!"

கைத்தட்டல் அடங்கியதும் முதல் பயனாளி யார் என்று கேட்டார்கள். செல்வகுமாரி முந்திக்கொண்டு மேடை ஏறினாள். அவளுக்கு அவசரம், அவர்களுக்குப் போட்டோ. திரையில் பச்சை நிறத்தில் 'பாகூர்' என்று இருந்தது. அவளுடைய நிலத்தின் கதஸ்தர் எண்ணை, அதாவது சர்வே எண்ணை, நான் கீழேயிருந்து சொல்லச் சொல்ல, அவளே தட்டினாள். 'உறுதி செய்க' என்பதை அழுத்தியதும் பக்கம் மாறியது. தலைப்பில், 'வில்லியனூர் கொம்யூன் உங்களை வரவேற்கிறது' என்று வந்தது.

"சார், நான் பாகூரு. இன்னா வில்லியனூருன்னு வருது?" என்றாள்.

"அது அன்பு, அம்மா" என்றார் ராஜ்மோகன். "வில்லியனூர் உங்களை வரவேற்கிறது. யாராவது வரவேற்றால் வேண்டாம் என்று சொல்லலாமா?"

மறுபடியும் கைத்தட்டினார்கள். மேடை ஓரத்தில் லேப்டாப்போடு நின்றிருந்த ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை செல்வகுமாரி குளித்துமுழுகி, வரப்பில் கற்பூரம் ஏற்றிவைத்துக் காத்திருந்தாள். மிஷின் வரவில்லை. டிரைவர் அன்புராஜ்தான் போனில் வந்தார்.

"யக்கா, உங்க நெலத்துல நெல்லே இல்லியே. கல்லு நட்டு மனை போட்டு வெச்சிருக்காங்கோ. நடுவுல கோரைதான் இருக்குது."

"நீ எங்க நிக்கிற?"

"வில்லியனூரு. நீங்க குடுத்த நம்பருதான், இங்கயும் அதே நம்பருல ஒரு எடம் இருக்குது."

"அது என் நெலம் இல்லப்பா! திரும்பி வந்துடு!"

"வர முடியாதுக்கா. வேலைய முடிச்சதா போட்டோ ஏத்தினாதான் இன்ஜின் அடுத்த எடத்துக்கு வுடும்."

பாவம், அவர் என்ன செய்வார். கோரையை அறுத்து, போட்டோ ஏற்றிவிட்டார். என் கடைக் கம்ப்யூட்டரில் 'செல்வகுமாரி, அறுவடை வெற்றிகரமாக முடிந்தது' என்று ஒரு பூங்கொத்துப் படத்தோடு வந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கடையைச் சாத்திவிட்டு அவளோடு பஸ் ஏறினேன்.

நிறுவனம் வில்லியனூரில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. உள்ளே இரண்டு கவுண்டர். முதல் கவுண்டருக்கு மேலே 'அறுவடை' என்று பலகை. இரண்டாவது கவுண்டருக்கு மேலேயும் அதே 'அறுவடை'. இரண்டாவது கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்ததும், "நீங்க மூலப் பயனாளியா, நகல் பயனாளியா?" என்று கேட்டார்.

"பாகூரு" என்றேன்.

"அப்போ நகல். நகல் கவுண்டர் இதுதான். முதல் கவுண்டருக்குப் போங்க."

"அப்ப நீங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்கோ?" என்று செல்வகுமாரி கேட்டாள்.

"அனுப்பி வைக்கிறதுக்கு" என்றார் அவர், பெருமையாகவே.

மேடையில் நெற்றியில் கை வைத்த பெண் எங்களை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தாள். கீர்த்திகா, நிறுவனத்தின் இன்ஜினியர். அரியாங்குப்பத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருகிறவள். எங்களை ஓரமாக அழைத்துப் போனாள்.

"அண்ணா, ஒரே ஆப்பை ஒரே சைட்ல எத்தனை எடத்துல வேணும்னாலும் வெக்கலாம், தப்பே இல்ல. ஆனா ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு பேர் குடுக்கணும். பக்கத்துல இருக்கற பட்டனெல்லாம் 'அறுவடையோட அடுத்த பக்கம் எங்க'ன்னுதான் கேக்கும். ரெண்டுக்கும் ஒரே பேரா இருந்தா, மொதல்ல வெச்சது எதுவோ அது 'நான்தான்'னு எழுந்து நின்னுடும். அதான் பாகூர்ல அமுக்கினா வில்லியனூருக்குப் போவுது."

"எங்க தெருவுல மூணு ராமு இருக்கானுங்க" என்றாள் செல்வகுமாரி. "கொளத்து ராமு, சைக்கிள் ராமு, கோணவாய் ராமு. நாங்களே வெச்சிக்கினோம். இதுக்குப் பேர் வெக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரே வரிம்மா. அதுல ஒரு வார்த்தை சேத்தா போதும்."

"அப்ப சேத்துடேன், புண்ணியமாப் போவும்!"

"பேர் வெக்கற அதிகாரம் எனக்கு இல்லம்மா. மொத நாளே சொன்னேன். டைரக்டர் ஒத்துக்கல."

டைரக்டரையே பார்த்தோம். அறைக்குள் குளிர் அப்படி அடித்தது. எங்கள் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு புன்னகை செய்தார்.

"பெயர் என்பது சாதாரணமா? நான் ஒரு பெயர் வைப்பேன். நாளைக்கு ஆட்சி மாறும், கல்வெட்டை உடைக்கச் சொல்வார்கள். யாருடைய தாத்தா பெயர் விட்டுப்போனது என்று சண்டை வரும். இந்தக் கீர்த்திகா, 'பாகூர்' என்றே வைத்துவிடலாம் என்கிறாள். பாகூருக்குப் பாகூர் என்று பெயர் வைக்க ஒரு நிறுவனம் எதற்கு? அதை யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்களே! யாராலும் செய்ய முடிவதைச் செய்துகொண்டிருந்தால் எங்களை எதற்கு வைத்திருப்பார்கள்?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருந்தது, ஆனால் வயதில் பெரியவர் என்பதால் சொல்லவில்லை.

"ஆகவே பெயர் சூட்டும் குழு அமைத்திருக்கிறேன்" என்றார். "ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள், எண்கணித நிபுணர் ஒருவரும் இருக்கிறார். முதல் கூட்டம் முடிந்துவிட்டது."

"இன்னா பேர் முடிவாச்சி சார்?"

"குழுவுக்குப் பெயர் முடிவாகிவிட்டது."

செல்வகுமாரி கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "சார், என் நெல்லு சாயப் போவுது சார். ஒரு போன் போட்டு வண்டிய அனுப்பச் சொன்னா ஆவாதா?"

"சட்டத்துக்குப் புறம்பாக நான் எதையும் செய்ய மாட்டேன். புகார் செய்யுங்கள். புகாருக்கென்று தனித் தளமே வைத்திருக்கிறோம். அதற்கும் புதிதாக எதுவும் செய்யவில்லை!" என்று மார்பைத் தட்டிக்கொண்டார்.

அது உண்மைதான் என்பது கடைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்ததும் தெரிந்தது. அதே 'அறுவடை'யை மூன்றாம் முறையாக வைத்து, மேலே 'புகார்' என்று எழுதியிருந்தார்கள். 'என் நெல் அறுக்கப்படவில்லை' என்று அடித்தேன். 'உங்கள் புகார் எத்தனை காணி?' என்று கேட்டது. சொன்னேன். 'புகாருக்கு டயர் வண்டி வேண்டுமா, பெல்ட் வண்டி வேண்டுமா?' என்று கேட்டது. நிலத்தில் ஈரம் இருந்ததால் பெல்ட் வண்டி என்று அழுத்தினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? 'வில்லியனூர் கொம்யூன் உங்களை வரவேற்கிறது' என்றது. கர்மம், கர்மம் என்று கம்ப்யூட்டரை அணைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அன்புராஜ் போன் செய்தார். "யக்கா, மறுபடியும் அதே மனையிலதான் நிக்கிறேன். போன வாட்டி கோரையாவது இருந்துச்சி, இப்ப அதுவும் இல்ல. சும்மா ஒரு சுத்து சுத்திட்டு போட்டோ ஏத்திடறேன். தப்பா நெனைக்காதீங்கோ."

அதற்குள் செந்தில்நாதன் சொன்ன வாரமும் கரைந்துவிட்டது. அவர் வந்து வாசலில் நின்றார். "அண்ணி, நாத்து முத்திப் போச்சி. நாளைக்குக் காத்தால தண்ணி வுட்டுடுவேன். எனக்கும் புள்ளைங்க இருக்குது, மனசுல வெச்சிக்காதீங்கோ" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவள் அவர்மேல் கோபப்படவில்லை. உள்ளே போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். என் மனைவிதான் போய்த் தேற்றிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே நிறுவனத்திலிருந்து அவளுக்குப் போன் வந்தது. மிஷின் வரப்போகிறது என்று நினைத்து, ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் ஒரு குரல் வாழ்த்துச் சொன்னது. ஒரே நிலத்தில், ஒரே வாரத்தில் இருமுறை அறுவடை செய்த விவசாயி என்று கம்ப்யூட்டர் அவளைக் கண்டுபிடித்திருக்கிறதாம். நாளைக் காலை பாகூர் மைதானத்தில் பாராட்டு விழா. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். இங்கே சொன்னவனே நம்பிக்கொண்டு நெய்க்குப் பாத்திரமும் எடுத்து வந்துவிட்டான்.

"போவாத. போனா மூஞ்சில காறித் துப்பிட்டு வா" என்றேன் நான்.

அவள் விடிந்ததும் கிளம்பினாள். போகும் வழியில் செந்தில்நாதன் மோட்டார் கொட்டகைக்குப் போய், "மத்தியானம் வரைக்கும் மோட்டாரைப் போடாதீங்கோ" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

மைதானத்தில் மேடைக்குப் பக்கத்தில், அலங்காரத்துக்காக, அறுவடை மிஷினைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கழுவித் துடைத்து, முன்னால் சாமந்தி மாலை போட்டு, பொட்டு வைத்திருந்தார்கள். ஒரு வாரமாக நாங்கள் தவம் கிடந்த மிஷின். பக்கத்தில் அன்புராஜ் புதுச் சட்டையோடு நின்றுகொண்டு எங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார்.

"உழவர் பெருமக்களே!" என்று தொடங்கினார் ராஜ்மோகன். "ஒரு போகத்துக்கே வானத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. இந்த வீரமங்கையோ ஒரே வாரத்தில் இரு போகம் கண்டிருக்கிறார்! விதைத்தாரா என்று கேட்கிறார்கள் சிலர். தண்ணீர் பாய்ச்சினாரா என்று கேட்கிறார்கள். அதெல்லாம் பழைய முறை. எங்கள் தளத்தில் விதைப்பு என்ற பகுதியே கிடையாது!"

சால்வை போர்த்தினார்கள். மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அதைப் பிடித்த பிடியைப் பார்த்து, இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். அவள் மேற்கே பார்த்தாள், வானம் கருத்துக்கொண்டு வந்தது. மாலை போட்ட மிஷினைப் பார்த்தாள். போட்டோவுக்காக இயக்குநர் பாக்கெட் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டிருந்ததையும் பார்த்தாள்.

"சார்," என்றாள், தேன் ஒழுகும் குரலில். "மிஷினு வந்திருக்குது, மாலை போட்டிருக்குது, நீங்களும் மாப்ள மாதிரி வந்திருக்கீங்கோ. இந்தப் பொட்டல்ல நின்னு போட்டோ புடிச்சா இன்னா நல்லாருக்கும்? பழுத்த நெல்லுக்கு நடுவுல நின்னு புடிச்சா பேப்பர்ல மொதப் பக்கத்துல போடுவாங்கோ. என் நெலம் தோ, பக்கத்துலதான் இருக்குது."

ராஜ்மோகன் சீப்பை நிறுத்தினார். "உங்கள் நிலத்தில் நெல் இருக்கிறதா? இரண்டு முறை அறுத்தாகிவிட்டதே?"

"இது மூணாவது போகம் சார்."

அவர் முகத்தில் எழுந்த வெளிச்சத்தை நான் என் கல்யாணத்தில்கூட யார் முகத்திலும் பார்த்ததில்லை. "மூன்றாவதா!" என்றார். "கிளம்புங்கள்!"

இன்ஜின் ஒத்துக்கொள்ளாதே என்று அன்புராஜ் இழுத்தார். அதற்கும் வழி இருந்தது. 'செயல்விளக்கம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம், பெரியவர்கள் வந்தால் காட்டுவதற்கு. அதற்கு இடமும் கிடையாது, எல்லையும் கிடையாது. ராஜ்மோகன் ஒரே ஒரு போன் போட்டார். ஒரு வாரமாகச் சட்டத்துக்குப் புறம்பாக இருந்த அதே போன்.

செந்தில்நாதன் வயல் வழியாக மிஷின் இறங்கியது. இயக்குநர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வரப்பில் நின்று கதிரைக் கையில் ஏந்தினார். மிஷின் பின்னால் அறுத்துக்கொண்டே போனது. போட்டோ எடுத்தார்கள். "போதும்" என்றார்.

"சார், வெயிலு மூஞ்சில அடிக்குது, கண்ணு சுருங்கிடுச்சி. கெழக்கு வரப்புல நின்னா எடுப்பா இருக்கும்" என்றாள் செல்வகுமாரி.

கிழக்கு வரப்புக்குப் போனார். மிஷினும் போனது.

"சார், மாலை தொங்கிடுச்சி. சரி பண்ணிட்டு இன்னொரு சுத்து வரட்டும்."

மாலையைச் சரிசெய்து இன்னொரு சுற்று வந்தார்கள். வீடியோவும் எடுத்தால் நல்லது என்றேன் நான். எனக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது. வீடியோவுக்கு ஒரு நீளம் தேவைப்பட்டது. அன்புராஜுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "சார், நீங்க கையசைச்சப்ப நான் திரும்பிட்டேன் சார், மறுபடி வர்றேன்" என்று அவராகவே வந்துகொண்டிருந்தார். கீர்த்திகா வரப்பில் நின்று, "சார், இந்த ஆங்கிள் சூப்பர் சார்" என்று ஒவ்வொரு மூலையாகக் காட்டிக்கொண்டே போனாள். பொடித் தூறல் விழுந்தது. சட்டை நனைகிறது என்று இயக்குநர் கிளம்பப் பார்த்தார்.

"சார், அந்தக் கடைசி மூலையில நின்னா பின்னால ஏரிக்கரை தெரியும்" என்றாள் செல்வகுமாரி. "தூறல்ல நின்னா, மழைன்னும் பாக்காம உழைச்சாருன்னு போடுவாங்கோ."

அவர் நின்றார். நனைந்துகொண்டே சிரித்தார். கடைசி மூலையும் அறுத்தாகிவிட்டது. நெல்லை டிராக்டரில் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடும்போது மழை கொட்டத் தொடங்கியது. செல்வகுமாரி அந்த விழாச் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். செந்தில்நாதன் மோட்டாரைப் போடக் கிளம்பினார். "இந்த மழையில மோட்டாரு எதுக்குப்பா?" என்று நான் கேட்ட பிறகுதான் நின்றார்.

போட்டோ முதல் பக்கத்தில் வரவில்லை, ஏழாம் பக்கத்தில் வந்தது. அதற்குக் கீழே, 'வில்லியனூரில் மூன்றாம் போகம்' என்று போட்டிருந்தார்கள்.

பெயர் சூட்டும் குழு ஐப்பசி முழுக்கக் கூடியது. கார்த்திகையில் ஒருமனதாக ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தது. எண்கணிதப்படி மிகச் சிறந்த பெயர் என்று சொன்னார்கள். ஒரு கொம்யூனுக்கு மட்டும் அவ்வளவு நல்ல பெயர் வைத்தால் மற்றது மனம் புண்படும் என்று, இரண்டுக்கும் அதையே வைத்துவிட்டார்கள். புகாருக்கும் அதையே வைத்தார்கள். கீர்த்திகா போனில் இதைச் சொல்லிவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று என்னையே கேட்டாள்.

தை பிறந்தது. செந்தில்நாதனின் சம்பா பழுத்து நின்றது. ஒருநாள் காலை கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வேணு, அந்தக் கம்ப்யூட்டரைத் தொற. மிஷினு புக் பண்ணணும்" என்றார், தூக்குக்குப் போகிறவர் போல.

பொட்டாஷ் மூட்டைக்காக நின்றிருந்த செல்வகுமாரி திரும்பினாள்.

"மிஷினைப் புக் பண்ணி இன்னா ஆவப் போவுது? வில்லியனூருக்குத்தான் போவும்" என்றாள். "ஒரு மாலையும் சால்வையும் வாங்கி வெச்சிக்கினு, டைரக்டரைப் புக் பண்ணுங்கோ. மிஷினு தன்னால பின்னாடி வரும்."

நான் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. பூக்கடைக்குப் போன் போட்டேன்.